பழைய மர டிரிஃப்ட் படகு: அடிப்பலகையை மாற்றுவதா, மேலே இன்னொன்றை ஒட்டுவதா?

கரைமேடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 1960களில் கட்டிய மர டிரிஃப்ட் படகு (ஆற்றோட்டத்தோடு மிதந்து, துடுப்பால் திருப்பும் படகு) ஒன்று சீரமைப்புக்கு வந்திருக்கிறது. ஒரிகனின் மெக்கென்சி ஆற்று வகை. ஒரு பக்கம் உயர்ந்த கூர்முனை, மறுபக்கம் குறுகிய டிரான்சம் (முனையை மூடும் தட்டைப் பலகை), தட்டையான அடி. நீளம் 16 அடி, அடியின் அகலம் நடுவில் 48 அங்குலம். பக்கப்பலகை கால் அங்குல பிளைவுட், அடிப்பலகை அரை அங்குல பிளைவுட். குறுக்குச் சட்டங்கள் டக்ளஸ் ஃபர், மேல்விளிம்புச் சட்டங்கள் வெள்ளை ஓக்.

இதுவரை கண்ட கோளாறுகள்: அடியின் வெளிப்புறம் பாலியெஸ்டர் ரெசினில் ஃபைபர் கிளாஸ் போட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் நெடுக அது மரத்தை விட்டு எழும்பி நிற்கிறது, தட்டினால் பொத்தென்று சத்தம். துடுப்புப் போடுபவரின் இருக்கைக்குக் கீழே இரண்டு குறுக்குச் சட்டங்களின் கால் மெத்தென்று இருக்கிறது. குத்தூசி அரை அங்குலம் இறங்குகிறது. டிரான்சத்தின் கீழ்மூலை இரண்டும் கறுத்திருக்கின்றன. அதே இருக்கைக்கு அருகில் இடப் பக்கப்பலகை, சைன் சட்டத்தை (அடியும் பக்கமும் சேரும் மூலையில் நெடுக ஓடும் கட்டை) ஒட்டி 8 அங்குல நீளம், 5 அங்குல உயரத்துக்கு மக்கிவிட்டது. ஓக் சட்டத்தில் ஸ்க்ரூ தலைகளைச் சுற்றி மை கொட்டியது போலக் கறுப்பு.

என் கேள்விகள்: பழைய அடியின் மேலேயே புதிய பிளைவுட்டை ஒட்டிவிடலாமா, இல்லை அறுத்து எடுத்தே ஆக வேண்டுமா? மெத்தென்ற இடங்களில் ஊடுருவும் எபாக்ஸி ஊற்றினால் போதுமா? அடிக்கு எந்த பிளைவுட் நல்லது? உள்பக்கம் முழுக்க எபாக்ஸி பூசுவதா, பெயிண்டா, எண்ணெயா?

---

இழைப்புளி எழுதியது:

எதையும் கழற்றுவதற்கு முன் அளவெடுங்கள். டிரிஃப்ட் படகின் உருவம் எந்த ஒரு கட்டையிலும் தனியாக இல்லை. தட்டைப் பலகையை வளைத்து வைத்து, மேல்விளிம்பும் சைனும் சட்டங்களும் அடியும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருப்பதால் அந்த வளைவு நிற்கிறது. அடியை எடுத்த மறுநிமிடம் பக்கங்கள் தம் பழைய தட்டை நிலைக்குப் போகப் பார்க்கும். கால் அங்குலம் விரிந்தால்கூட புதிய அடி அதே தவறான உருவத்தைப் பூட்டிவிடும். பிறகு அந்தப் படகு ஒரு பக்கமாக இழுக்கும், அதற்கு மருந்தில்லை.

படகு நிமிர்ந்திருக்கும்போதே ஒவ்வொரு சட்டத்திலும் மேல்விளிம்பின் அகலத்தை அளந்து, அந்தச் சட்டத்தின் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். கூர்முனையின் மையத்திலிருந்து ஒவ்வொரு சட்டத்தின் இடது, வலது மேல்விளிம்புக்கும் நாடா பிடியுங்கள். இரண்டு அளவும் கால் அங்குலத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் படகு ஏற்கெனவே முறுக்கிக்கொண்டிருக்கிறது, அதை நிமிர்த்திய பிறகுதான் அடுத்த வேலை. அப்புறம் 1க்கு 4 அங்குலப் பலகைகள் நாலைந்து எடுத்து, மேல்விளிம்பின் குறுக்கே சட்டம் உள்ள இடங்களில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். இவை கடைசிவரை கழறக் கூடாது.

பிறகு கவிழ்த்து வைத்து அடியின் வளைவை அளக்க வேண்டும். இரு முனைக்கும் அப்பால் கம்பு நட்டு, அடியின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் மட்டமாக ஒரு நூல் கட்டுங்கள். நூலிலிருந்து ஒவ்வொரு சட்டத்தின் இடத்திலும் அடி எவ்வளவு கீழே போகிறது என்று குறியுங்கள். இந்த வளைவுதான் படகை ஒரு துடுப்பு இழுப்பில் சுழல வைப்பது. பழைய படகுகளில் டிரெய்லர் கட்டை அழுத்திய இடம் தட்டையாகிப்போயிருக்கும். மற்ற அளவுகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் துள்ளி நின்றால் அதுதான் அந்த இடம். புதிய அடி போடும்போது அதைச் சரிசெய்யலாம்.

இப்போது முதல் கேள்வி. மேலே ஒட்டுவது வேண்டவே வேண்டாம். அடியில் மக்கல் இருப்பது சைனை ஒட்டிய விளிம்பில். அதை மூடி ஒட்டினால் ஈரத்தையும் பூஞ்சையையும் நடுவில் வைத்துத் தைத்த மாதிரி. எடையும் இருக்கிறது. அரை அங்குல பிளைவுட் அடி ஒன்று 25 கிலோவுக்கு மேல் கூட்டும். அந்த எடை படகைத் தண்ணீரில் தாழ்த்தும், ஆழமில்லாத கல்மேட்டில் உரசவைக்கும். அதைவிட முக்கியம், புதிய பலகைக்கு ஸ்க்ரூ பிடிக்க நல்ல சைன் வேண்டும். சைன் நன்றாக இருக்கிறதா என்று அடியைத் திறக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது.

எடுக்கும் முறை: சைனின் வெளிமூலையை மூடியிருக்கும் சைன் மூடியை முதலில் கழற்றுங்கள். வட்ட ரம்பத்தை பிளைவுட்டின் தடிமனுக்கு ஒரு நூல் குறைவாக இறக்கி, சைனின் உள்விளிம்பை ஒட்டி அறுங்கள். குறுக்குச் சட்டங்களின் மேலிருக்கும் ஸ்க்ரூக்களை எடுத்ததும் நடுப்பலகை பெரிய துண்டாக வந்துவிடும். சைனின் மேல் ஒட்டியிருக்கும் இரண்டு அங்குலப் பட்டையை உளியும் கொட்டாப்புளியும் வைத்துச் சிறிது சிறிதாகச் சீவுங்கள். கடப்பாரையால் நெம்பினால் ஸ்க்ரூ சைனின் நாரைப் பிளந்துகொண்டு வரும். எட்டு அங்குலம் நாசமாகும்.

தலை தேய்ந்த ஸ்க்ரூவுக்கு, பற்றவைக்கும் சால்டரிங் இரும்பின் நுனியைத் தலைமேல் ஒரு நிமிடம் வையுங்கள், பழைய பசை இளகும். அப்படியும் முறிந்தால் சிறிய எஃகுக் குழாயின் வாயில் பல் வெட்டி, அதை டிரில்லில் மாட்டி ஸ்க்ரூவைச் சுற்றித் துளைத்து எடுத்துவிட்டு, அந்தக் குழியில் மரக்குச்சியை எபாக்ஸி தடவி அடைக்கலாம்.

அடி திறந்த பிறகு சட்டங்களை ஒவ்வொன்றாக மட்டுமே எடுங்கள். ஒன்றைக் கழற்றி, அதையே மாதிரியாக வைத்து புதியதை வெட்டி, பொருத்தி முடித்த பிறகு அடுத்தது. ஒரே நாளில் நாலைந்தைக் கழற்றிப் போட்டால் பக்கப்பலகை எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. டிரான்சம் அதன் பிறகு. அதன் சாய்வுக் கோணங்களைக் கழற்றும் முன்பே சாய்வு மட்டத்தில் எடுத்து ஒரு பலகையில் கீறி வைத்துக்கொள்ளுங்கள். மக்கிய பழைய விளிம்பிலிருந்து எடுக்கும் கோணம் பொய் சொல்லும்.

பெயிண்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வீட்டு உபயோக பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978ல்தான். உங்கள் படகு அதற்கு முந்தையது. சோதனைக் குச்சியால் பார்க்காமல் உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஈயம் இருந்தால் ஈரத் தேய்ப்பு, பி100 வடிகட்டி முகமூடி, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு. அதன்மேல் ஹீட் கன்னை உச்சச் சூட்டில் காட்டவே கூடாது, ஈயப்புகை வரும்.

---

நீர்மட்டம் எழுதியது:

இழைப்புளி சொன்ன வரிசைதான் சரி. எபாக்ஸி பக்கத்தை நான் சொல்கிறேன்.

ஊடுருவும் எபாக்ஸி என்று விற்பது பெரும்பாலும் கரைப்பான் கலந்து நீர்த்த எபாக்ஸி. கரைப்பான் ஆவியான இடத்தில் நுண்துளைகள் மிஞ்சும். அது மக்கிய நாரை ஸ்பாஞ்சு போல உறையவைக்கும், ஆனால் போன வலு திரும்ப வராது. அதன் ஓரத்தில், ரெசின் எட்டாத மரம் ஈரமாகவே இருக்கும், மக்கலும் அங்கே தொடரும். சட்டத்தின் கால், சைன், டிரான்சம் மூலை ஆகியவை பாரம் தாங்கும் இடங்கள். அங்கே வெட்டி மாற்றுவது ஒன்றுதான் வழி. கண்ணுக்குத் தெரியும் மக்கலோடு நிறுத்தாமல், நார் ஓடும் திசையில் நல்ல மரத்துக்குள் இரண்டு மூன்று அங்குலம் தள்ளி வெட்டுங்கள். பூஞ்சை இழை நார்வழியாகத்தான் முன்னேறும். வெட்டியபின் சுற்றியுள்ள மரத்துக்கு, பூஞ்சையைத் தடுக்கும் போரேட் உப்புக் கரைசல் தடவலாம். காய்ந்ததும் மேலே பூக்கும் வெள்ளை உப்பைத் துடைத்துவிட்டே பசை போடுங்கள்.

பாலியெஸ்டர் ஏன் எழும்பியது என்று தெரிந்துகொண்டால் மறுபடி அதே தவறு வராது. பாலியெஸ்டர் ரெசின் மரத்தோடு நெடுநாள் ஒட்டாது. மரம் ஈரத்தில் விரிந்து சுருங்க, அது இறுகி நிற்கும். ஒரு கல் கீறினாலோ ஸ்க்ரூ ஓட்டை கசிந்தாலோ தண்ணீர் இடையில் புகுந்து தேங்கிவிடும், காற்றுப்படாது. எனவே எழும்பிய பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுப்போடாதீர்கள். பிடித்திருப்பதாகத் தெரிகிற மீதியும் பாதிதான் பிடித்திருக்கும்.

ஈரமானி வாங்குங்கள், ஊசி குத்தும் வகை. பெயிண்ட் இல்லாத வெற்று மரத்தில் 12 சதவீதம் அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் எபாக்ஸி. மரம் 20 சதவீதத்துக்கு மேல் நீண்ட நாள் நின்றால் பூஞ்சைக்கு வாழ்வு. நிழலில், காற்றோட்டத்தில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும்.

அளவு: 48 அங்குல அடியின் பரப்பு இரு முனையும் குறுகுவதால் ஏறத்தாழ 4 சதுர மீட்டர். அதற்கு சதுர மீட்டருக்கு 340 கிராம் எடையுள்ள கண்ணாடியிழைத் துணி. கையால் நனைக்கும்போது துணியின் எடைக்குச் சமமான ரெசின் போகும், அதாவது ஒன்றரை கிலோ அளவில். வெற்று மரம் முதலில் குடிப்பது, துணியின் நெசவை நிரப்பும் இரண்டு மூன்று பூச்சு எல்லாம் சேர்த்தால் அடிக்கு மட்டும் 4 லிட்டர். ஸ்கார்ஃப் இணைப்பு (இரு பலகையின் முனையையும் சரிவாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவது), மூலைப்பூச்சு, பலகையின் உள்முகம், ஓரங்கள் ஆகியவற்றுக்கு இன்னும் 2 லிட்டர். 6 லிட்டர் கையில் இருக்கட்டும். பாதியில் தீர்ந்து, மறுநாள் தேய்த்துவிட்டுத் தொடர்வது எரிச்சலான வேலை.

கலவை விகிதம் உங்கள் ரெசின் டப்பாவில் உள்ளபடி. ஒரு வகையில் 2க்கு 1, இன்னொன்றில் 5க்கு 1. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டாதீர்கள். பாலியெஸ்டரில் அந்த வித்தை நடக்கும், எபாக்ஸியில் ஒட்டலும் பிசுக்குமாக நிற்கும். ஒரு முறைக்கு 200 மில்லிக்கு மேல் கலக்க வேண்டாம். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். குறுகிய டம்ளரில் விட்டால் தன் சூட்டிலேயே புகைந்து கட்டியாகும்.

மரம் சூடேறிக்கொண்டிருக்கும் காலை நேரத்தில் முதல் பூச்சைப் போட்டால் மரத்துள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். பொழுது சாயும் நேரத்தில், மரம் குளிர ஆரம்பித்த பிறகு பூசுங்கள், அது ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்தடுத்த பூச்சுகளை முந்தையது விரல் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே போட்டுவிட்டால் தேய்க்க வேண்டாம். முழுதாக இறுகிவிட்டால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் பூத்திருக்கும். அதை முதலில் தண்ணீரும் நார்ப்பஞ்சும் வைத்துக் கழுவி, பிறகு உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் அந்தப் படலத்தையே பள்ளங்களுக்குள் அழுத்தித் தள்ளுவீர்கள், அடுத்த பூச்சு உரியும்.

அடியின் கடைசி இரண்டு பூச்சில் கன அளவில் 10 சதவீதம் கிராஃபைட் தூள் கலந்தால் பாறையில் வழுக்கும், கீறலும் குறையும். கெவ்லார் துணி கேட்காதீர்கள் என்பது என் கருத்து. தேய்மானத்தில் அது பஞ்சு பஞ்சாக எழும்பும், உப்புத்தாளுக்கு மசியாது, அடுத்த முறை பழுதுபார்ப்பவர் திணறுவார்.

பிளைவுட்: டக்ளஸ் ஃபர் மரத்தில் மரைன் தரம், அல்லது மெராண்டி மரத்தில் செய்தது. ஒக்கூமே மர பிளைவுட் இலேசு, வளைக்க இதம், ஆனால் மக்கலை எதிர்க்கும் குணம் குறைவு. பக்கங்களுக்குப் பரவாயில்லை, அடிக்கு வேண்டாம். ஃபர் பிளைவுட்டின் மேல்தோல் மயிரிழையாக வெடிக்கும், துணி போர்த்தாமல் விடக் கூடாது. வாங்கிய ஷீட்டின் ஓரத்தை நாலு பக்கமும் பாருங்கள், உள்ளடுக்கில் இடைவெளி தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். சந்தேகமிருந்தால் ஒரு துண்டை ஒரு மணி நேரம் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அது படகுக்கான பலகை இல்லை.

உள்பக்கம்: என் யோசனை, அடிப்பலகையின் உள்முகம், சைன், சட்டங்களின் கால் எல்லாவற்றையும் எபாக்ஸியால் மூடிவிட்டு மேலே பெயிண்ட்.

---

தேவதாரு எழுதியது:

கடைசி வரியில் மட்டும் நீர்மட்டத்தோடு ஒத்துப்போக முடியவில்லை. புதிய பிளைவுட்டின் இரு முகமும் ஓரங்களும் எபாக்ஸி, சரி. குறுக்குச் சட்டங்களுக்கு வேண்டாம்.

சட்டம் முழுமரம். ஒவ்வொரு பருவத்திலும் ஈரத்தோடு விரியும், சுருங்கும். அதில் இருபது முப்பது ஸ்க்ரூ ஓட்டை இருக்கிறது. மேலே தோல் போர்த்தினால் ஏதோ ஒரு ஓட்டையின் ஓரத்தில் அந்தத் தோல் வெடிக்கும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. எண்ணெய் பூசிய சட்டம் நனையும், அதே வேகத்தில் காயும். பழைய மெக்கென்சி படகுகளில் எண்ணெய் மட்டுமே கண்ட சட்டங்கள் இன்றும் நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அதுமட்டுமல்ல, உங்கள் படகில் இந்த விவாதம் ஏற்கெனவே முடிந்திருக்கக்கூடும். பெயிண்டுக்குக் கீழே யாராவது எண்ணெய் அடித்திருந்தால் எபாக்ஸி அங்கே பிடிக்காது. பெயிண்டை எடுத்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் எண்ணெய். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பார்க்கலாம், மஞ்சளாக வந்தால் எண்ணெய். அப்படியானால் பழைய சட்டங்களுக்கு எண்ணெய்தான், புதியவற்றுக்கும் அதையே தொடருங்கள். ஒருமுறை எண்ணெய் குடித்த மரத்தைப் பசைக்குத் திருப்புவது கடினம். அதனால் ஒட்ட வேண்டிய இடங்களை எல்லாம் ஒட்டி முடித்த பிறகே எண்ணெய்ப் புட்டியைத் திறக்க வேண்டும்.

கொதித்த ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் முதல் பூச்சுக்குச் சரிபாதி. மரம் குடிக்கும்வரை விட்டு, அரை மணியில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அடுத்த பூச்சுகளில் டர்பன்டைனைக் குறைத்துக்கொண்டே போகலாம். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியே தொங்கவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

மக்கல் ஏன் இருக்கைக்குக் கீழே ஆரம்பித்தது என்று பார்த்தீர்களா? ஆளின் காலோடு வரும் மணலும் இலையும் அங்கேதான் சேரும். சட்டத்தின் காலில், சைனை ஒட்டி, தண்ணீர் ஓட ஒரு வாய் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு சட்டத்துக்கும் இடையே ஒரு குட்டை. இது மழைநீர், ஆற்றுநீர். உப்புத்தண்ணீர் மக்கலைக் கொஞ்சம் தடுக்கும், நல்ல தண்ணீரில் அந்தக் கருணை இல்லை. புதிய சட்டம் வெட்டும்போது அந்த வாயை முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், விரல் நுழைகிற அளவில், வளைவாக வெட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலையில் குப்பை தங்கும். வெட்டுமுகத்தில் மட்டும் எபாக்ஸி தடவுவதை நானும் ஏற்கிறேன். நார் வாய் திறந்திருக்கும் இடம் அது, உறிஞ்சிக் குடிக்கும்.

சைன் மூடியைத் திரும்ப எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லவில்லை. அது பலிகொடுக்கவே வைத்த கட்டை. பாறை அடியெல்லாம் அதில் விழ வேண்டும், சில பருவங்களில் கழற்றி எறிய வேண்டும். ஆகவே அதை எபாக்ஸியாலோ நிரந்தரமாகப் பிடிக்கும் பாலியூரதேனாலோ ஒட்டாதீர்கள். பின்னால் கழற்ற முடிகிற மென்மையான பொதிபசை, சிலிக்கான் வெண்கல ஸ்க்ரூ, அவ்வளவே. அதற்கு முன் அடியின் வெளிமூலையைக் கால் அங்குல ஆரத்துக்கு உருட்டி, கண்ணாடித் துணியைப் பக்கப்பலகை மேல் மூன்று அங்குலம் ஏற்றி மடித்துவிடுங்கள். கூர்மூலையில் துணி படியாது, தூக்கிக்கொண்டு காற்றுக்குழி விடும். மூடியின் ஸ்க்ரூ இந்தத் துணியைத் துளைக்கும் அல்லவா, அங்கே துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியதும் நடுவில் மறுபடி சிறிய துளை போடுங்கள். ஸ்க்ரூ எபாக்ஸிக்குள் நிற்கும், கசிந்தாலும் மரத்தைத் தொடாது.

ஓக்கில் கறுப்பு: இரும்பு ஸ்க்ரூவும் ஓக்கின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்த கறை. ஸ்க்ரூவை எடுத்துப் பாருங்கள், நடுவில் இளைத்துக் கழுத்தாகியிருக்கும். எல்லாவற்றையும் சிலிக்கான் வெண்கலத்துக்கு மாற்றுங்கள். மரம் கெட்டியாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஆக்சாலிக் அமிலம் கரைத்துத் தடவினால் கறை வெளுக்கும். நன்றாகக் கழுவிவிடுங்கள், காய்ந்த தூள் மூக்கில் போகக் கூடாது. சட்டத்தையே மாற்றுவதானால் வெள்ளை ஓக்தான். சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தவை, ஒரு குச்சியை வெட்டி ஒரு முனையில் ஊதினால் மறுமுனையில் காற்று வரும். தண்ணீரும் அப்படியே போகும்.

---

கரைமேடு எழுதியது:

மிக்க நன்றி. தண்ணீர்ச் சொட்டு சோதனையில் சட்டங்களில் முத்தாக நின்றது, பக்கப்பலகையின் உள்முகத்திலும் அப்படியே. வெளிமுகத்தில் உறிஞ்சிவிட்டது. அடியை அறுத்தாயிற்று, சைன் இரண்டு இடத்தைத் தவிர கெட்டி. குறுக்குப் பலகைகள் ஐந்து போட்டிருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். பக்கப்பலகையின் ஓட்டைக்கு உள்ளே ஒரு பலகை வைத்து ஒட்டினால் போதுமா, ஸ்கார்ஃப் செய்தே ஆக வேண்டுமா? 48 அங்குல அடிக்கு 48 அங்குல ஷீட் போதுமா?

---

இழைப்புளி எழுதியது:

உள்முகம் எண்ணெய் குடித்திருக்கிறது, ஆகவே உள்ளே ஒட்டும் பலகை பிடிக்காது. உங்களுக்கு ஸ்கார்ஃப்தான், வெளியிலிருந்து.

ஓட்டையை நேர்கோட்டில் சதுரமாக்குங்கள். மக்கலைத் தாண்டி வெட்டியதும் 10க்கு 7 அங்குலம் வரும் என்று வைத்துக்கொள்வோம். சரிவு 8க்கு 1. பலகை 6 மி.மீ., எனவே சரிவின் அகலம் 48 மி.மீ., சுமார் இரண்டு அங்குலம். ஓட்டையின் மேல்பக்கமும் இரு ஓரங்களும் வெளிமுகத்திலிருந்து இரண்டு அங்குலத்தில் சரிந்து உள்முகத்தில் கத்தி முனையாக முடிய வேண்டும். கீழ்ப்பக்கம் சைன் சட்டத்தின் மேலேயே உட்காருவதால் அங்கே சரிவு வேண்டாம்.

சரிவு நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, பிளைவுட்டே காட்டிக்கொடுக்கும். இழைப்புளி போகப் போக அடுக்குகளுக்கு இடையேயான பசைக்கோடுகள் மேலே வரும். கோடுகள் ஓட்டையின் விளிம்புக்கு இணையாக நேராக ஓடினால் சரிவு சரி. ஒரு கோடு ஓட்டையை விட்டு விலகி வளைந்தால் அங்கே ஆழமாகச் சீவிவிட்டீர்கள், ஓட்டையை நோக்கி வளைந்தால் இன்னும் சீவ வேண்டும். முடிவில் கூர் உளி, பிறகு நேரான கட்டையில் சுற்றிய 80 எண் உப்புத்தாள். கையில் வெறுமனே பிடித்துத் தேய்த்தால் சரிவு நடுவில் குழியும்.

ஒட்டுத்துண்டுக்கும் அதே சரிவு, தலைகீழாக. வெளிமுகத்தின் நார் படகின் நாரோடு ஒரே திசையில் ஓடட்டும். முதலில் இரு பக்கமும் வெறும் எபாக்ஸி தடவிப் பத்து நிமிடம் விடுங்கள், வெட்டுமுகம் குடிக்கட்டும். அதன் பிறகு சிலிக்கா தூள் கலந்த எபாக்ஸி. குச்சியில் எடுத்துக் கவிழ்த்தால் தொங்கி நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. இலேசான குமிழ்த்தூளை இதில் கலக்காதீர்கள், அது மேடுபள்ளம் நிரப்ப மட்டும். உள்ளே பிளாஸ்டிக் தாள் போர்த்திய பலகை ஒன்று, வெளியே ஒன்று, இடையில் துளை வழியாக ஸ்க்ரூ போட்டு இழுங்கள். ஓரத்தில் பசை மணிமணியாக வந்தால் போதும். மேலும் இறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கிப் போய் இணைப்பு பட்டினியாகும்.

உள்ளே எண்ணெய்ப் பூச்சு சரிவின் கத்தி முனை வரை வந்திருக்கும். அந்த ஒரு மயிரிழை விளிம்பை நன்றாகச் சீவி, புது மரம் தெரிந்த பிறகு ஒட்டுங்கள். சைனின் மேல் ஒட்டும் இடமும் அப்படியே, அசிட்டோனால் துடைப்பது மட்டும் போதாது.

சைனில் கெட்ட இரண்டு இடத்துக்கும் 8க்கு 1 சரிவில் புதிய துண்டு. இரண்டு துண்டின் இணைப்பும் படகின் இரு பக்கமும் ஒரே இடத்தில் எதிரெதிராக வராமல் தள்ளி வையுங்கள்.

ஷீட் அகலம்: 48க்கு 48, ஒரு நூல்கூட ஏமாற இடமில்லை. ஆகவே விளிம்பிலிருந்து அளக்காமல் மையக்கோட்டிலிருந்து அளங்கள். படகின் மையத்தில் நூல், ஷீட்டின் மையத்தில் கோடு, இரண்டையும் சேர்த்து வையுங்கள். அரைக்கால் அங்குலம் ஒரு பக்கம் குறைந்தாலும் பசை நிரப்பி, மேலே சைன் மூடி வருவதால் தாங்கும். கால் அங்குலம் என்றால் ஓரத்தில் பட்டை ஒட்டிய பிறகே போட வேண்டும். நீளத்துக்கு இரண்டு 8 அடி ஷீட்டை ஸ்கார்ஃப் செய்யுங்கள். 12 மி.மீ. பலகையில் சரிவு 96 மி.மீ., ஏறத்தாழ நான்கு அங்குலம் போய் 15 அடி 8 அங்குலம் மிஞ்சும். அடியின் நீளத்தை வளைவோடு நாடா வைத்து அளந்து பார்த்துவிடுங்கள். 16 அடி என்று சொல்வது மேல்விளிம்பின் நீளத்தை, அடி அதைவிடக் குட்டை.

போடும் முன் நீள மட்டக்கட்டையை இரண்டு சைனின் மேலும் குறுக்கே வைத்து, இழைப்புளியால் சைனின் சாய்வைச் சரிசெய்யுங்கள். கட்டை சைனின் முழு அகலத்திலும் படிய வேண்டும், உள்விளிம்பில் மட்டும் நின்றால் வெளியே கசியும். பலகையை நடுவிலிருந்து ஆரம்பித்து இரு முனைக்கும் மாறி மாறி இறக்குங்கள். ஒரு முனையில் ஆரம்பித்தால் மறுமுனையில் பலகை பக்கவாட்டில் ஓடிவிடும். ஸ்க்ரூ இரண்டரை அங்குலத்துக்கு ஒன்று, ஒரே நேர்கோட்டில் இல்லாமல் சற்று முன்பின்னாக, நார் பிளக்காமல் இருக்க.

---

நீர்மட்டம் எழுதியது:

எண்ணெய்ச் சோதனை முடிவைப் பார்த்த பிறகு சட்டங்கள் விஷயத்தில் தேவதாரு சொல்வதுதான் உங்கள் படகுக்குப் பொருந்தும். அடிப்பலகையின் உள்முகத்துக்கு எபாக்ஸியும் பெயிண்டும், மேலே எல்லாம் எண்ணெய்.

எபாக்ஸிக்கு வெயில் ஆகாது, சில மாதத்தில் மஞ்சளித்துச் சுண்ணாம்பாகும். எபாக்ஸி பூசி வெயில் படும் எந்த இடத்தையும் பெயிண்ட் இல்லாமல் விடாதீர்கள்.

சைன் மூடி போடுவதற்கு முன் ஒரு கசிவுச் சோதனை செய்யுங்கள். படகை டிரெய்லரில் மூன்று நான்கு இடத்தில் நன்றாக முட்டுக் கொடுத்து, உள்ளே இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, வெளியே காய்ந்த சைன் ஓரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு இழுங்கள். கசிகிற இடத்தில் கோடு கறுக்கும். மணிக்கணக்கில் நிற்க விடவேண்டாம், ஒரு மணி நேரம் போதும். முட்டு இல்லாமல் செய்தால் அந்தத் தண்ணீரின் எடையே அடியை இறக்கிவிடும்.

---

தேவதாரு எழுதியது:

மேல்விளிம்புச் சட்டத்தை மாற்றும் நாள் வந்தால் ஒன்று. முக்கால் அங்குல ஓக்குக்கு ஸ்கார்ஃப் 12க்கு 1, அதாவது 9 அங்குலம். அது துடுப்புத் தாங்கி வரும் இடத்துக்குப் பக்கத்தில் வரக் கூடாது. இழுப்பு எல்லாம் அங்கேதான் விழுகிறது. தாங்கியின் கட்டையை ஸ்க்ரூவில் நிறுத்தாமல் போல்ட் ஊடுருவிப் போட்டு வாஷரோடு முடியுங்கள்.

நிறுத்தி வைக்கும்போது கூர்முனை உயர்ந்து, டிரான்சம் தாழ்ந்து, வடிகால் அடைப்பு கழற்றி இருக்கட்டும். மேலே போடும் தார்ப்பாய் மேல்விளிம்பைத் தொட்டு இறுகாமல், நடுவில் ஒரு கழி கொடுத்துத் தூக்கி, இரு முனையும் காற்று வர விட்டுக் கட்டுங்கள். கறுப்பு நிறத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிய படகு, மழையில் திறந்து கிடந்த படகை விடச் சீக்கிரம் மக்கும்.